சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கேட்டவருக்கு

கேள்வி இது: "பெண் என்றால் ஜாமீனில் சலுகை உண்டு. சூரியன் மறைந்த பிறகு கைது செய்யக் கூடாது. தனிச் சிறை வேறு. சட்டம் பெண்கள் பக்கம்தானே இருக்கிறது? பிறகு ஏன் ‘வறுமையில் இருக்கும் பெண்களைச் சட்டமே குற்றவாளியாக்குகிறது’ என்கிறீர்கள்? தப்புச் செய்தால் யாராக இருந்தாலும் தண்டனைதானே?"

மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் இலவச சட்ட உதவி வழக்கறிஞர் பட்டியலில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்தக் கேள்வியை நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே, என்னைவிட மூத்தவர்கள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். அதனால் எரிச்சல் இல்லை. ஒரே ஒரு வழக்கைச் சொல்லித் தொடங்குகிறேன்.

வாடகை வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு பெண். கணவர் இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகள். காந்தி ஜெயந்தி அன்று டாஸ்மாக் கடைக்கு விடுமுறை என்பதால், முந்தைய நாளே கடையில் எட்டு குவார்ட்டர் பாட்டில்கள் வாங்கி வைத்து, பாட்டிலுக்கு 60 ரூபாய் கூடுதலாக வைத்து விற்க உட்கார்ந்தார். எட்டும் விற்றிருந்தால் லாபம் 480 ரூபாய். ஒன்றுகூட விற்கவில்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வழக்கு, கைது, ரிமாண்ட். ஏழாம் நாள் ஜாமீன் கிடைத்தது. அவர் சிறையிலிருந்து வெளியே வந்தது 41ஆம் நாள்.

நடுவில் 34 நாள் எங்கே போனது? உத்தரவில் ஒரு வரி இருந்தது: தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள். ஜாமீன்தாரர் என்றால் பணத்தைக் கட்ட வேண்டியதில்லை, ஆள் ஓடிவிட்டால் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் போதும் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கையெழுத்துப் போடுபவருக்குச் சொந்த வீடு இருக்கிறதா, வீட்டு வரி ரசீது அவர் பெயரில் இருக்கிறதா, கிராம நிர்வாக அலுவலரின் சான்று எங்கே, குடும்ப அட்டை அசலைக் கொண்டுவா என்று நீதிமன்ற அலுவலகம் வரிசையாகக் கேட்கும். இந்தப் பெண்ணுக்குத் தெரிந்த எல்லோரும் அவரைப் போலவே வாடகை வீட்டுக்காரர்கள். வீட்டு வரி ரசீது உள்ள ஒரே உறவு அண்ணன். அவரோ வேறு மாவட்டம். ‘லோக்கல் ஆள் வேண்டும்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீதிமன்றத்துக்கு எதிர்த்த டீக்கடையில் ரசீதும் அட்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜாமீன் போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஆட்கள் உண்டு. அவர்களிடம் போவது சட்டவிரோதம் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு ஒரு ரேட் இருப்பதும் எல்லோருக்கும் தெரியும். 480 ரூபாய்க்காக உட்கார்ந்தவருக்கு அந்த ரேட்டும் எட்டாத தூரம். பதினான்கு வயது மகள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த எட்டு பாட்டிலும் கள்ளச்சாராயம் அல்ல. அரசாங்கமே விற்ற சரக்கு. 2003 முதல் மாநிலம் முழுவதும் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில்தான் இருக்கிறது. 2023-24இல் அதன் வழியே அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். விற்றவர் மேல் குற்றமில்லை, வாங்கிக் குடித்தவர் மேல் குற்றமில்லை, நடுவில் ஒருநாள் வைத்திருந்து விற்க நினைத்தவர் குற்றவாளி. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் பலிவாங்கியது. அந்தச் சரக்கை விற்பவருக்கு, ஆணோ பெண்ணோ, எந்த இரக்கமும் காட்டச் சொல்ல மாட்டேன். அதற்குப் பின் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்ததையும் குறை சொல்லவில்லை. ஆனால் விஷம் விற்றவரும், அரசு முத்திரையிட்ட பாட்டிலைக் கூடுதல் விலைக்கு விற்றவரும் ஒரே சட்டத்தின் குடைக்குள் வருகிறார்கள். மாதக் கடைசியில் காவல் நிலையத்துக்குக் கணக்குக் காட்ட வழக்கு வேண்டும் என்றால் யார் கையில் சுலபமாகச் சிக்குவார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு இனி வருகிறேன். ‘ஏழைப் பெண் குற்றவாளி’ என்று எந்தச் சட்டமும் எழுதி வைக்கவில்லை. சட்டம் எழுதியிருப்பதெல்லாம் இடத்தைப் பற்றித்தான். தெருவில் விற்காதே, தெருவில் நிற்காதே, பொது இடத்தில் கைநீட்டாதே, ஜன்னலில் உட்காராதே. நான்கு சுவரும் ஒரு கதவும் இருப்பவர் இவற்றில் எதையும் செய்யாமலே வாழ்ந்துவிடலாம், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாம். கதவில்லாதவருக்குப் பிழைப்பு முழுவதும் வெளியில்தான். பிடிபட்ட பிறகு ஜாமீனுக்கும் சட்டம் கேட்பது அதே கதவைத்தான், வீட்டு வரி ரசீது என்ற பெயரில்.

ஜன்னல் என்று சொன்னது அலங்காரத்துக்கு அல்ல. வக்கீல்கள் ‘பிட்டா’ என்று சொல்லும், பாலியல் தொழில் பற்றிய 1956ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள். வாடிக்கையாளரைச் சைகையாலோ பேச்சாலோ அழைப்பது குற்றம். வீட்டு ஜன்னலிலோ மாடி முகப்பிலோ உட்கார்ந்து தன்னைக் காட்டிக்கொள்வதும் அதில் அடக்கம். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை ஓராண்டு வரை. 1986இல் இந்தச் சட்டத்தைத் திருத்தி, பெண்களை மட்டுமல்லாமல் எல்லோரையும் குறிக்கும்படி மாற்றினார்கள். சமத்துவம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அதே திருத்தத்தில், இந்தக் குற்றத்தை ஆண் செய்தால் ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்று மாதம் வரை என்று ஒரு சேர்க்கை வைத்தார்கள். ஒரே செயல். பெண்ணுக்கு உச்சம் ஆறு மாதம், ஆணுக்கு உச்சம் மூன்று மாதம். முதல் தடவை படித்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன்.

அதைவிட மோசமானது 10அ பிரிவு. 7 அல்லது 8ஆவது பிரிவில் குற்றம் நிரூபணமான பெண்ணை, அவருடைய உடல்நிலையையும் குணத்தையும் பார்த்து, சிறைத் தண்டனைக்குப் பதிலாகச் சீர்திருத்த நிலையத்துக்கு அனுப்பலாம். எத்தனை காலம்? இரண்டு ஆண்டுக்குக் குறையாமல், ஐந்து ஆண்டுக்கு மிகாமல். தண்டனை என்றால் ஆறு மாதம், திருத்துவது என்றால் இரண்டு வருடம். ஆணை இப்படித் திருத்துவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. அவர்கள் ஏற்கெனவே திருந்தியவர்கள் போலும்.

4ஆவது பிரிவு இன்னொரு கண்ணி. பாலியல் தொழிலில் வரும் வருமானத்தில் தெரிந்தே வாழும், 18 வயது தாண்டிய எவரும் குற்றவாளி. தரகரைப் பிடிப்பதற்காக எழுதியது என்பார்கள். எழுத்தின்படி பார்த்தால் அம்மா அனுப்பும் பணத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டும் மகனும், மாத்திரை வாங்கும் பாட்டியும் அதற்குள் வந்துவிடுவார்கள். பணம் தருபவர் பக்கம், அதாவது வாடிக்கையாளர் பக்கம், சட்டத்தின் கை போவது அரிது. பொது இடத்துக்கு அருகில் என்றால் 7ஆவது பிரிவில் அவரையும் சேர்க்கலாம்தான். நான் பார்த்த குற்றப்பத்திரிகைகளில் அவர் பெரும்பாலும் சாட்சியாகவோ, ‘ஓடிவிட்ட நபராகவோ’தான் வருவார்.

இந்த வழக்குகள் எப்படி முடிகின்றன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் தீர்ப்புத் தொகுப்புகளில் இவை வருவதில்லை. காலை பத்தரை மணி. வராந்தாவில் ஐந்தாறு பெண்கள் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு நிற்பார்கள். கூட வந்த காவலர் முன்பே சொல்லியிருப்பார்: ஒப்புக்கொண்டால் அபராதம் கட்டிவிட்டு மத்தியானமே போகலாம், இல்லாவிட்டால் வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயாம்மா?" தலை அசையும். 500 ரூபாய். அடுத்த பெயர். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அவர் குற்றம் செய்தாரா என்று யாரும் பார்க்கவில்லை. அவர் ஒப்புக்கொண்டது அலைச்சலுக்குப் பயந்துதான். ஒருநாள் வாய்தா என்றால் ஒருநாள் கூலி போகும், பஸ் காசு போகும், பக்கத்து வீட்டில் குழந்தையை விட்டுவரக் காரணம் சொல்ல வேண்டும். ஆனால் பதிவேட்டில் அது குற்றநிரூபணம். அடுத்த முறை பிடிக்கும்போது அவர் ‘பழைய குற்றவாளி’. ஓராண்டு தண்டனைக்கான கதவு அன்று 500 ரூபாய்க்குத் திறந்துவிட்டது என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தாமதமாக வந்து சேர்ந்த நாட்களில் நானும் சொன்னதில்லை.

2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. வயது வந்து, தானே விரும்பி இந்தத் தொழிலில் இருப்பவர் மேல் போலீஸ் குற்ற நடவடிக்கை எடுக்கக் கூடாது, பாலியல் விடுதிச் சோதனையில் அவர்களைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்பது, நீதிமன்றம் அமைத்த குழுவின் பரிந்துரையாக அதில் பதிவாகியிருக்கிறது. நல்ல உத்தரவு. ஆனால் 8ஆவது பிரிவு அப்படியே இருக்கிறது. தெருவில் நிற்பவருக்கு அந்த உத்தரவு எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்பது அன்றைக்கு ரோந்து வரும் சார்பு ஆய்வாளரைப் பொறுத்தது.

தெருவில் நிற்பதையே குற்றமாக்கும் வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? 1824இல் இங்கிலாந்தில் வேலையற்று அலைபவர்களைப் பிடிக்க ஒரு சட்டம் போட்டார்கள். அதன் வாரிசுகள் காலனி நாடெங்கும் முளைத்தன. இலங்கையில் 1841இல் வந்த அலைந்து திரிவோர் பற்றிய கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கொழும்பில் தெருவில் நிற்கும் பெண்களையும் திருநங்கைகளையும் பிடிக்க அது இன்றும் பயன்படுகிறது. நம் பக்கம் 1945இல் சென்னை மாகாணப் பிச்சைத் தடுப்புச் சட்டம், அப்புறம் 1959இல் பம்பாய்ச் சட்டம். பம்பாய்ச் சட்டத்தில் பிச்சைக்காரர் யார் என்பதற்கான விளக்கம் வேடிக்கையானது. பாடுவது, ஆடுவது, ஜோசியம் சொல்வது, பொருள் விற்பதுபோல் கைநீட்டுவது எல்லாம் பிச்சை. பிழைப்புக்கு வழி எதுவும் கண்ணுக்குத் தெரியாமல், பிச்சை எடுத்துத்தான் வாழ்கிறார் என்று நினைக்கத் தோன்றும்படி பொது இடத்தில் சுற்றுவதும் பிச்சைதான். கையே நீட்ட வேண்டாம், ஏழையாகத் தெரிந்தால் போதும். முதல் முறைக்கே ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை இல்லத்தில் அடைக்கலாம், மறுபடி மறுபடி பிடிபட்டால் பத்தாண்டு வரை. 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், அங்கே அமலில் இருந்த இந்தச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளைச் செல்லாது என்று அடித்தது. சோறும் கூரையும் கொடுக்கத் தவறிய அரசு, சோறு கேட்டவரைத் தண்டிக்க முடியுமா என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

குற்றப் பரம்பரைச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்துத் துப்பாக்கிக் குண்டில் செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் போனது. ஆனால் நகைத் திருட்டு நடந்தால் குறவர் குடியிருப்புக்கு முதலில் ஜீப் போகும் பழக்கம் போகவில்லை.

தப்புச் செய்தால் தண்டனைதானே என்று கேட்டீர்கள் அல்லவா? திருட்டையே எடுத்துக்கொள்வோம். திருட்டுக்குத் தண்டனை மூன்றாண்டு வரை. ஆனால் வேலையாள் எஜமானர் பொருளைத் திருடினால் ஏழாண்டு வரை. இது 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 379, 381 பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1இல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 303, 306 என்று எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. புதிய சட்டத்தில் ஒரு நல்ல விஷயமும் சேர்ந்தது: 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறை திருடியவர், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சிறை வேண்டாம், சமூக சேவை போதும். படித்ததும் மகிழ்ந்தேன். பிறகு பார்த்தால் அந்தச் சலுகை 303ஆவது பிரிவில் மட்டும்தான். வேலையாள் திருட்டுக்கான 306இல் இல்லை, வீட்டுக்குள் நடக்கும் திருட்டுக்கான 305இலும் இல்லை. ஆக, சந்தையில் 4,000 ரூபாய்ப் பொருளைச் சட்டைக்குள் ஒளித்த வாலிபர் பூங்காவைப் பெருக்கிவிட்டுப் போகலாம். வேலை செய்யும் வீட்டில் 1,000 ரூபாய் எடுத்த அம்மா ஏழாண்டுப் பிரிவில் நிற்க வேண்டும். எடுத்திருந்தால்! பாதி வழக்கில் காணாமல் போன மோதிரம் சலவைக்குப் போட்ட துணிக்குள்ளிருந்து கிடைக்கும். அதற்குள் இரண்டு நாள் அந்த அம்மாவை ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அதே வேலையாளுக்குக் கொடுக்க வேண்டிய கூலியைக் குறைத்துக் கொடுக்கும் முதலாளிக்கு என்ன? 1948ஆம் ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை என்றாவது எழுதியிருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் முதல் முறைக்குச் சிறையே கிடையாது, 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும். தொழில் செய்வோரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்று 2023இல் ‘ஜன் விஸ்வாஸ்’ சட்டம் கொண்டுவந்து 42 மத்தியச் சட்டங்களில் 183 பிரிவுகளைத் தளர்த்தினார்கள். இதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை, கணக்குப் பிழைக்கெல்லாம் சிறை எதற்கு? ஆனால் அந்தக் கருணை நடைபாதை வரை வரவில்லை. பொது வழியை மறித்தால் பழைய தண்டனைச் சட்டத்தின் 283இல் அபராதம் 200 ரூபாய் வரை. புதிய 285இல் 5,000 ரூபாய் வரை. புதிய சட்டம் அமலான அதே நாள், டெல்லி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டி போட்டிருந்த ஒரு தெருவியாபாரி மேல் இந்தப் பிரிவில் வழக்குப் பதிவாகி நாடெங்கும் செய்தியானது. பேச்சு கிளம்பியதும் அதைக் கைவிட்டார்கள். செய்தியாகாத வண்டிகளுக்கும் கூடைகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பூ கட்டி விற்கும் பெண்ணின் கூடையில் இருக்கும் மொத்தச் சரக்கின் மதிப்பு அந்த 5,000இல் கால் பங்கு தேறாது. தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று தரும் வரை அவர்களை அகற்றக் கூடாது என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பூக்காரம்மா அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுவதற்குள் கூடை லாரியில் ஏறிவிடும்.

பிள்ளை பெறுவதிலும் இதே கதைதான், நீட்டாமல் சொல்கிறேன். 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைக் கைவிடுவது ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. பெயர் கேட்காமல் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்றது. அந்தத் தொட்டில் வரை போக முடியாமல் பேருந்து நிலையத்தில் வைத்துவிட்டுப் போன பெண் மேல் வழக்கு. தொட்டிலுக்கும் பேருந்து நிலையத்துக்கும் உள்ள தூரம்தான் குற்றத்துக்கும் திட்டத்துக்கும் உள்ள தூரம். அப்பா யார் என்று அந்த முதல் தகவல் அறிக்கையில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

காசோலை வழக்குகள் சமீப காலத்துத் தொல்லை. கடன் கொடுப்பவர்கள் பெண் பெயரில்தான் கொடுக்கிறார்கள், பெண்கள் ஒழுங்காகக் கட்டுவார்கள் என்பதற்காக. தேதியும் தொகையும் இல்லாத வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பணம் கணவர் கைக்கோ மருத்துவமனைக்கோ போயிருக்கும். தவணை தவறியதும் காசோலையில் ஒரு தொகை முளைக்கும், வங்கியில் போட்டுப் பணமில்லை என்று திரும்பியதும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் வழக்கு. இரண்டாண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லலாம். கீழ்க் கோர்ட்டில் தண்டனையாகி மேல்முறையீட்டுக்குப் போனால், கட்டச் சொன்ன தொகையில் 20 சதவீதமாவது வைப்பாகக் கேட்கலாம். கடன் அடைக்க முடியாதவரிடம் மேல்முறையீட்டுக்கு முன்பணம்! ‘கையெழுத்து உன்னுடையதுதானே’ என்ற ஒரே கேள்வியில் அவர் வழக்கு முக்கால்வாசி முடிந்துவிடும்.

சட்டத்தின் பெயரால் ஒரு கிராமத்துப் பெண்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதற்கு வாச்சாத்தியைவிட உதாரணம் தேட வேண்டியதில்லை. தருமபுரி மாவட்டம், அரூருக்குப் பக்கம், சித்தேரி மலை அடிவாரம். 1992 ஜூன் 20 அன்று வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை, சந்தனக் கட்டை வழக்கில் சேலம் சிறைக்குக் கொண்டுபோனார்கள். குற்றத்துக்கு ஆளானவர்களே வனச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள். ஊரில் குற்றவாளி யார், புகார்தாரர் யார் என்று மாற்றி எழுத 19 ஆண்டுகள் ஆயின: 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களையும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீடுகளைத் தள்ளி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29இல். மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரிகளும் பிடித்த பிடியை விடாததால் இது வெளியே வந்தது. இல்லாவிட்டால் இன்றும் அது ‘சந்தனக் கட்டைக் கடத்தல் வழக்கு’ என்ற பெயரில்தான் கோப்பில் தூங்கும்.

சலுகைகளைப் பற்றிக் கேட்டீர்கள். கடுமையான குற்றத்திலும் பெண் என்பதால் ஜாமீன் கொடுக்கலாம் என்பது உண்மை, இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 480ஆவது பிரிவில் இருக்கிறது. சூரியன் மறைந்தபின் கைது கூடாது என்பதும் உண்மை. ஆனால் அது கட்டாய விதி அல்ல, வழிகாட்டுதல்தான் என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2025இல் சொல்லிவிட்டது. பாதுகாப்பு என்ற சொல்லிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. 1979இல் பீகார் விசாரணைக் கைதிகள் வழக்கில், எந்தக் குற்றமும் சாட்டப்படாத பெண்கள், வழக்கில் பாதிக்கப்பட்டவர் அல்லது சாட்சி என்பதற்காகவே ‘பாதுகாப்புக் காவல்’ என்று சிறையில் கிடந்ததை உச்ச நீதிமன்றம் கண்டுபிடித்து விடுவிக்கச் சொன்னது.

நாடு முழுவதும் 2022 கடைசியில் சிறையில் இருந்த 5.73 லட்சம் பேரில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். பெண்கள் சுமார் 23,700 பேர், நூற்றுக்கு நாலு. எண்ணிக்கை குறைவு என்பதே அவர்களுக்கு எதிராகத் திரும்புகிறது. பெண்கள் சிறை எல்லா ஊரிலும் இருக்காது. வேறு மாவட்டச் சிறைக்குப் போனால் பார்க்க வர ஆளில்லை, வக்கீலும் போக மாட்டார். ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை அம்மாவோடு சிறையில் வைத்திருக்கலாம். அதற்கு மேல் வயதான பிள்ளை எங்கே போகும் என்பது ஜாமீன் உத்தரவில் வராது.

ஜாமீன் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லாத நல்ல வார்த்தை இல்லை. 1978இல் ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, அண்ணன் தம்பி சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று நிராகரித்த மாஜிஸ்திரேட்டை நீதிபதி கிருஷ்ணய்யர் வறுத்தெடுத்தார். மாவு விற்ற பெண்ணின் அண்ணனைத் திருப்பி அனுப்பியது அதற்கு எத்தனை வருடம் கழித்து என்று கணக்குப் போட்டால் வெட்கமாக இருக்கிறது.

அதனால் நடைமுறையில் பயன்படும் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன், உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது தேவைப்படும். பெண் என்றால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், அல்லது நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். சிறு வழக்கில் ‘ஒப்புக்கொண்டு போய்விடு’ என்று யார் சொன்னாலும், அடுத்த முறை அது எப்படித் திரும்பும் என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுத் தலையசைக்கச் சொல்லுங்கள். ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக இருந்து, கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியவில்லை என்றால், அவரை ஏழை என்று கருதி, ஜாமீன்தாரர் இல்லாமல் அவருடைய சொந்தப் பத்திரத்திலேயே விட வேண்டும். அதே நடைமுறைச் சட்டத்தின் 478ஆவது பிரிவின் விளக்கம் அது. ஜாமீனில் விடாத குற்றமாக இருந்தால் 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு இருக்கிறது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் ஆகிவிட்டால் நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரரை வலியுறுத்த வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. பணமாகக் கட்டச் சொல்லியிருந்தால், ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் விசாரணைக் கைதிக்குப் பண உதவி கேட்கலாம்.

மாவு விற்ற பெண் பிறகு வழக்கில் விடுதலையானார். பாட்டில்களைப் பறிமுதல் செய்தபோது எழுதிய மகஜரின் சாட்சிகள் இருவருமே போலீஸ் சொன்னதைச் சொல்லவில்லை. அதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின. மகள் பள்ளிக்குத் திரும்பவில்லை. யாருக்காவது இப்படி நேர்ந்தால் மனுவின் முதல் வரியிலேயே, ஜாமீன் கிடைத்து இத்தனை நாள் ஆயிற்று, இன்னும் உள்ளே இருக்கிறார் என்று எழுதச் சொல்லுங்கள். அவருக்காக அந்த மனுவை நாங்கள் போட்டது 38ஆம் நாள். மூன்றே நாளில் வெளியே வந்தார்.